புளூ கார்டு முடியப்போகிறது, குடியுரிமை விண்ணப்பம் கிடப்பில் கிடக்கிறது: ஜெர்மனியில் என்ன செய்வது?

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் ஐந்தரை வருடமாகப் புளூ கார்டில் (தகுதி பெற்ற வெளிநாட்டு ஊழியர்களுக்குக் காலவரையோடு தரும் குடியிருப்பு அனுமதி) வேலை. கார்டு இன்னும் ஆறு வாரத்தில் காலாவதி. வெளிநாட்டினர் அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை. குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் பதினான்கு மாதம் ஆகிறது. "உங்கள் விண்ணப்பம் வந்து சேர்ந்தது" என்ற ஒரு வரியைத் தவிர வேறெந்தத் தகவலும் இல்லை. டிசம்பரில் ஊருக்குப் போக டிக்கெட் போட்டாயிற்று. வழக்குப் போடலாமா, போட்டால் கோபித்துக்கொண்டு நிராகரித்துவிடுவார்களா, நிராகரித்தால் மேல்முறையீடு எப்படி? கூடவே, மனைவிக்கு மார்ச்சில் பிரசவம்.

நான் வழக்கறிஞர் அல்ல. இங்கே பல வருடமாக நம்மவர்களின் விண்ணப்பங்களையும் அவர்களுக்கு வரும் அலுவலகக் கடிதங்களையும் படித்து வழி சொல்லிக்கொண்டிருப்பவன். நான் பார்த்தவரை, தகுதி இல்லாமல் மாட்டிக்கொள்பவர்கள் குறைவு. எந்தத் தேதியில் எதைக் கேட்டோம் என்று காகிதத்தில் காட்ட முடியாமல் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம். கீழே சொல்வதில் பாதி அந்தத் தேதி விவகாரம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த ஆறு வாரம். அப்பாயின்ட்மென்ட் கிடைத்த பிறகுதான் விண்ணப்பம் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். அப்பாயின்ட்மென்ட் வேறு, விண்ணப்பம் வேறு. குடியிருப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவைப் பாருங்கள். கார்டு காலாவதியாகும் முன் நீட்டிப்போ வேறு வகை அனுமதியோ கேட்டுவிட்டால், அலுவலகம் முடிவெடுக்கும்வரை பழைய அனுமதி அப்படியே தொடர்வதாகக் கொள்ளப்படும். வேலை செய்யும் உரிமையும் அதில் அடக்கம். விண்ணப்பம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்ததுமே இது தானாக நடந்துவிடுகிறது; யாரும் கையெழுத்துப் போட்டு அனுமதிக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அவர்கள் தரும் ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்ற மடிப்புத் தாள் இந்த நிலைக்கு ஒரு சான்று, அவ்வளவே.

ஒரு நாள் தாமதித்தாலும் கதை மாறிவிடும். காலாவதிக்கு மறுநாள் விண்ணப்பித்தால் இந்தப் பாதுகாப்பு தானாக வராது. அநியாயமான கஷ்டம் ஏற்படும் என்று அலுவலகம் கருதினால் தொடர அனுமதிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அது அவர்கள் தயவு, உங்கள் உரிமை அல்ல.

விண்ணப்பத்துக்கு இன்ன வடிவம்தான் என்று சட்டத்தில் கட்டாயம் இல்லை. நகரத்தின் இணையதளத்தில் விண்ணப்ப வசதி இருந்தால் அதில் போடுங்கள், கடைசியில் வரும் ரசீதை பி.டி.எஃப். ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மின்னஞ்சலும் கடிதமும் சேர்த்து அனுப்புங்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி, பாஸ்போர்ட் எண், கார்டு எண், கார்டு முடியும் தேதி, என்ன கேட்கிறீர்கள் என்பது, ஃபிக்ட்ஸியோன் தாள் வேண்டும் என்ற கோரிக்கை, இத்தனையும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, இன்னும் வேலையில் இருப்பதாக நிறுவனம் தரும் கடிதம், வாடகை ஒப்பந்தம், மருத்துவக் காப்பீட்டுச் சான்று ஆகியவற்றை இணையுங்கள். ஏதாவது ஒன்று கையில் இல்லையென்றால் அதற்காக விண்ணப்பத்தை நிறுத்தி வைக்காதீர்கள். பின்னால் அனுப்புவதாக எழுதிவிட்டு அனுப்பிவிடலாம்.

பதிவுத் தபாலை நம்மவர்கள் பெரிதாக நம்புகிறார்கள். ஓர் உறை போய்ச் சேர்ந்தது என்பதற்குத்தான் அது சாட்சி, உறைக்குள் என்ன இருந்தது என்பதற்கு அல்ல. முடிந்தால் நேரில் போய்க் கொடுத்து, உங்கள் நகலில் வரவு முத்திரை குத்தி வாங்குங்கள். அந்த நீல முத்திரையும் தேதியும்தான் நாளைக்கு நீதிமன்றத்தில் பேசும். கவுன்ட்டருக்குப் போக வழியில்லை என்றால் ஃபேக்ஸ். சிரிக்காதீர்கள், இந்த நாட்டில் ஃபேக்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது. முதல் பக்கத்தின் சிறிய படத்தோடு வரும் அனுப்புகைச் சீட்டு நல்ல ஆதாரம்.

இப்போது என்ன கேட்பது என்ற விஷயம். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு உறுத்தியது இதுதான்: ஐந்தரை வருடமாகப் புளூ கார்டில் இருக்கும் நீங்கள் இன்னும் ஏன் நிரந்தரக் குடியிருப்பு, அதாவது நம்மவர்கள் பி.ஆர். என்று சொல்லும் நீடர்லாசுங்ஸ்எர்லௌப்னிஸ், வாங்கவில்லை? புளூ கார்டு வைத்திருப்பவர் 27 மாத வேலையும் ஓய்வூதியப் பங்களிப்பும் காட்டி, ஏ1 அளவு, அதாவது தொடக்க நிலை ஜெர்மன் இருந்தால் வாங்கலாம். பி1 என்ற நடுத்தர நிலை இருந்தால் 21 மாதமே போதும். குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்றால் பி1 சான்றிதழும், நாட்டைப் பற்றிய அந்த 33 கேள்வித் தேர்வும் கையில் இருக்கும். பி.ஆருக்கும் அதே தேர்வுதான், அதில் 15 சரியாக இருந்தால் போதும், குடியுரிமைக்கு 17.

"எப்படியும் பாஸ்போர்ட் வரப்போகிறது, நடுவில் எதற்குப் பி.ஆருக்கு வேறு அலைய வேண்டும்" என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது தப்புக் கணக்கு. வேலை போனால் புளூ கார்டு ஆட்டம் காணும், பி.ஆர். அசையாது. அதைவிட உங்களுக்கு நெருக்கமான காரணம் ஒன்று இருக்கிறது: மார்ச்சில் பிறக்கப்போகும் குழந்தை. குடியுரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, 3ஆம் உட்பிரிவின்படி, பெற்றோரில் ஒருவர் ஐந்து வருடம் சட்டப்படி இங்கே வசித்து, பிரசவ நாளன்று காலவரையற்ற குடியிருப்பு உரிமையும் வைத்திருந்தால், இங்கே பிறக்கும் குழந்தை பிறந்த கணமே ஜெர்மன் குடிமகன். 2024 ஜூன் 27க்கு முன்பு இது எட்டு வருடமாக இருந்தது. உங்களுக்கு ஐந்து வருடம் ஆகிவிட்டது. இல்லாதது காலவரையற்ற உரிமை மட்டும். புளூ கார்டு காலவரை உள்ளது, அதனால் இந்த இடத்தில் அது செல்லாது.

எனவே இன்றைக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் முதல் கோரிக்கையாகப் பி.ஆர். கேளுங்கள். அதே கடிதத்தில், "ஹில்ஃப்ஸ்வைஸே" என்ற சொல்லைப் போட்டு, பி.ஆர். தர இயலாவிட்டால் புளூ கார்டையாவது நீட்டித்துத் தருமாறு கேளுங்கள். இரண்டாவது கோரிக்கை இருப்பதால், பி.ஆர். விஷயத்தில் ஏதாவது இழுபறி வந்தாலும் நடுத்தெருவில் நிற்க மாட்டீர்கள். வேறு வகை அனுமதி கேட்டாலும் 81ஆம் பிரிவின் பாதுகாப்பு உண்டு என்று மேலே சொன்னேன் அல்லவா, அது இங்கேதான் கைகொடுக்கும். மருத்துவர் தந்திருக்கும் முட்டர்பாஸ் என்ற கர்ப்பகாலப் பதிவேட்டில் பிரசவத் தேதி எழுதிய பக்கத்தை நகலெடுத்து இணைத்து, அந்தத் தேதிக்குள் முடிவு தேவை என்று காரணத்தோடு எழுதுங்கள். மாட்டார்கள் என்று முன்கூட்டியே முடிவுகட்ட வேண்டாம். கோப்பைத் திறக்கும் அதிகாரிக்கு ஒரு காரணம் கிடைத்தால் வரிசையில் முன்னே எடுத்து வைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மார்ச்சுக்குள் வராவிட்டாலும் குடி முழுகிவிடாது. பிறந்த ஆறு மாதத்துக்குள் குழந்தைக்குக் குடியிருப்பு அனுமதி கேட்க வேண்டும், இந்தக் கெடுவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிறகு உங்களோடு சேர்த்துக் குழந்தைக்கும் குடியுரிமை கேட்கலாம். கட்டணம் பெரியவருக்கு 255 யூரோ, கூட விண்ணப்பிக்கும் குழந்தைக்கு 51 யூரோ.

டிசம்பர் பயணம். ஃபிக்ட்ஸியோன் தாளில் மூன்று கட்டங்கள் இருக்கும். 81ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவு என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தால், அந்தத் தாள், பழைய கார்டு, பாஸ்போர்ட் மூன்றையும் வைத்துக்கொண்டு வெளியே போய்த் திரும்பி வரலாம். 3ஆம் உட்பிரிவுக்குரிய கட்டங்களில் குறி இருந்தால் வெளியே போனவர் அந்தத் தாளை மட்டும் நம்பித் திரும்பி வர முடியாது. விண்ணப்பித்தாயிற்று, பாதுகாப்பு இருக்கிறது, ஆனால் தாள் இன்னும் கைக்கு வரவில்லை என்றால் போகாதீர்கள். சட்டம் உங்கள் பக்கம்தான், ஆனால் நள்ளிரவில் விமான நிலையக் கவுன்ட்டரில் நிற்பவரிடம் சட்டப் பிரிவைச் சொல்லி விமானம் ஏற முடியாது. தாள் இருந்தாலும் இடையில் இறங்கி மாறும் விமானத்தைவிட நேரடி விமானம் நல்லது, ஏனென்றால் அந்தத் தாளை வாழ்நாளில் பார்த்திராத ஊழியர்கள் உண்டு. தாளை நச்சரித்து வாங்குங்கள். எழுதிக் கேட்டும் தரவில்லை, வேலை போகும் ஆபத்து என்றால், நிர்வாக நீதிமன்றத்தில் அவசர மனு போட்டு வாங்க வழி உண்டு.

நிறுவனத்தின் மனிதவளப் பிரிவையும் மறக்காதீர்கள். வெளிநாட்டு ஊழியரின் அனுமதி செல்லுமா என்று பார்த்து நகல் வைத்திருக்க வேண்டியது அவர்கள் சட்டக் கடமை. கார்டு தேதி முடிந்ததும் பயந்துபோய் "நாளை முதல் வர வேண்டாம்" என்பார்கள். முன்கூட்டியே விண்ணப்ப ரசீதையும் 81ஆம் பிரிவைச் சுட்டிய ஒரு மின்னஞ்சலையும் அனுப்பி வையுங்கள்.

இனிக் குடியுரிமை. இதில் ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம்: குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருப்பது உங்கள் குடியிருப்பு அனுமதியை ஒரு நாள்கூட நீட்டிக்காது. இரண்டும் தனித்தனிக் கோப்பு, பல ஊர்களில் தனித்தனிக் கட்டடம். குடியுரிமைப் பத்திரம் கையில் வாங்கும் நாள்வரை செல்லுபடியாகும் அனுமதி தேவை.

2024 ஜூன் 27 முதல், குடியுரிமைக்கு இங்கே வசித்திருக்க வேண்டிய காலம் எட்டு வருடத்திலிருந்து ஐந்தாகக் குறைந்தது, பழைய குடியுரிமையைத் துறக்க வேண்டும் என்ற நிபந்தனையும் போயிற்று. மூன்றே வருடத்தில் வாங்கும் சிறப்பு வழி ஒன்று அப்போது வந்தது. 2025 அக்டோபர் இறுதியில் அதை நீக்கிவிட்டார்கள். இன்னும் அந்தப் பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் உண்டு. விதி தளர்ந்ததும் கூட்டம் குவிந்தது: 2024இல் மட்டும் ஏறத்தாழ 2 லட்சத்து 92 ஆயிரம் பேர் ஜெர்மன் குடியுரிமை பெற்றார்கள். விண்ணப்பம் பெருகிய வேகத்தில் ஆள் பெருகவில்லை. அதனால்தான் பெரிய நகரங்களில் ஒன்றரை, இரண்டு வருடக் காத்திருப்பு சாதாரணமாகிவிட்டது.

வழக்குப் போடலாமா? போடலாம். நிர்வாக நீதிமன்றச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, போதிய காரணம் இல்லாமல் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லாத அலுவலகத்தின்மீது வழக்குத் தொடர வழி தருகிறது. உன்டேட்டிக்கைட்ஸ்கிளாகே என்பார்கள், சும்மா இருப்பதை எதிர்த்த வழக்கு. முதல் கட்ட நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கோபித்துக்கொண்டு நிராகரிப்பார்களா என்ற பயத்துக்கு என் பதில்: குடியுரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவின் கீழ் நிபந்தனைகள் பூர்த்தியானால் குடியுரிமை உங்கள் உரிமை. அதிகாரியின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. வழக்கு வந்ததும் கோப்பு சட்டப் பிரிவின் மேசைக்குப் போகும், யாரோ ஒருவர் அதைத் திறந்து படித்தே ஆக வேண்டும்; பல வழக்குகள் தீர்ப்புக்கே போகாமல் பத்திரத்தோடு முடிவது அதனால்தான். நியாயமாக எதிர்பார்த்திருக்கக்கூடிய முடிவு வராததால் வழக்குப் போட்டு, அதன் பிறகு அலுவலகம் முடிவு தந்தால், செலவு அவர்கள் தலையில் என்று நிர்வாக நீதிமன்றச் சட்டத்தின் 161ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் முதலில் நீதிமன்றக் கட்டணமாகப் பல நூறு யூரோவை உங்கள் பையிலிருந்துதான் கட்ட வேண்டும், வழக்கறிஞர் கட்டணம் தனி.

நிரந்தர ஆள் பற்றாக்குறை போதிய காரணம் ஆகாது என்று பல நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. உங்கள் கோப்பில் ஓட்டை இருந்தால் அது போதிய காரணம் ஆகிவிடும். எனவே வழக்குக்கு முன் இரண்டு வேலை. ஒன்று, 14 மாதத்துக்கு முன் கொடுத்த சம்பளச் சீட்டும் வேலைக் கடிதமும் பழசாகிவிட்டன. புதியவற்றைக் கேட்காமலே அனுப்புங்கள். இரண்டு, "இன்னும் ஏதாவது தேவையா? இல்லையென்றால் இன்ன தேதிக்குள் முடிவு தாருங்கள், தவறினால் 75ஆம் பிரிவின்படி வழக்குத் தொடர்வேன்" என்று நாலு வாரக் கெடு வைத்து மரியாதையாக ஒரு கடிதம். இந்தக் கடிதத்துக்கே அசைந்துகொடுக்கும் அலுவலகங்கள் உண்டு. இடையில் வேறு நகரத்துக்கு வீடு மாறினால் கோப்பும் மாறும், காத்திருப்பும் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்கும் என்பதை நினைவில் வையுங்கள். வேலை மாற்றம், திருமணம், முகவரி எல்லாவற்றையும் உடனுக்குடன் தெரிவிக்க வேண்டும்.

நிராகரிப்புக்குக் காரணமாகும் விஷயங்களில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்கள் விஷயம் தெரியாமலே அதில் மாட்டுகிறார்கள். இந்திய ஓட்டுநர் உரிமம் இங்கே குடிவந்து ஆறு மாதம்வரைதான் செல்லும். அதற்குப் பிறகு ஜெர்மன் உரிமம் எடுக்காமல் வண்டி ஓட்டுவது வெறும் அபராத விஷயம் இல்லை, உரிமமின்றி ஓட்டிய குற்றம். காவல்துறை பிடித்தால் சில வாரத்தில் மஞ்சள் உறையில் ஒரு ஷ்ட்ராஃப்பெஃபேல் வரும், அதாவது விசாரணை இல்லாமலே நீதிமன்றம் அனுப்பும் தண்டனை ஆணை. இரண்டு வாரத்துக்குள் ஆட்சேபிக்காவிட்டால் அது இறுதித் தீர்ப்பாகிவிடும். "டிராஃபிக் ஃபைன்தானே" என்று பணத்தைக் கட்டிவிட்டு மறந்துபோவார்கள். இங்கே அபராதத்தை ஒருவரின் ஒரு நாள் வருமானத்தை அலகாக வைத்துக் கணக்கிடுவார்கள்; குடியுரிமைக்கு அப்படி 90 நாள்கூலி அளவுக்கு உட்பட்ட அபராதத்தைப் பொதுவாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஆனால் பல தண்டனைகளைக் கூட்டித்தான் பார்ப்பார்கள். டிக்கெட் இல்லாப் பயணம் ஒன்று, உரிமமின்றி ஓட்டியது ஒன்று என்று சேர்ந்தால் வரம்பு தாண்டிவிடலாம். விசாரணை நிலுவையில் இருந்தாலே முடிவை நிறுத்தி வைப்பார்கள். சிறியது என்று நினைத்து விண்ணப்பத்தில் மறைப்பது அதைவிட மோசம். பொய்த் தகவலுக்கு ஐந்து வருடம்வரை சிறைத் தண்டனை இருக்கிறது. ஏமாற்றி வாங்கிய குடியுரிமையைப் பத்து வருடம்வரை திரும்பப் பெறலாம். காசு கொடுத்து வாங்கும் போலி மொழிச் சான்றிதழும் இதில்தான் போய் முடியும்.

ஈழத்திலிருந்து வந்த உறவுகளுக்கு இரண்டு விஷயம். ஆவணம் ஏதும் இல்லாமல் ஓடி வந்தவர்களிடம் அடையாளச் சான்று கேட்டு வருடக்கணக்கில் இழுப்பார்கள். கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2020 செப்டம்பர் 23 அன்று தந்த தீர்ப்பில் இதற்குப் படிப்படியான வழியைச் சொல்லிவிட்டது: முதலில் பாஸ்போர்ட், அது இயலாவிட்டால் வேறு அரசு ஆவணம், அதுவும் இயலாவிட்டால் பள்ளிச் சான்று, ஞானஸ்நானப் பதிவு, சாட்சி போன்றவை, எதுவும் முடியாதபோது கடைசியாக, முரணில்லாத சொந்த வாக்குமூலம். ஒவ்வொரு படியிலும் ஏன் முடியவில்லை என்பதற்கு நீங்கள் எடுத்த முயற்சியின் காகிதம் வேண்டும். தூதரகத்துக்கு எழுதிய கடிதம், பதில் வராததைக் காட்டும் நினைவூட்டல், எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். இரண்டாவது, எந்தெந்த அமைப்புகளில் இருந்தீர்கள், யாருக்கு ஆதரவு கொடுத்தீர்கள் என்ற கேள்வி. 2006இலிருந்து புலிகள் இயக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப்பட்டியலில் இருக்கிறது. அரசியலமைப்புப் பாதுகாப்புத் துறையிடம் (உள்நாட்டு உளவுத்துறை) ஒவ்வொரு விண்ணப்பதாரரைப் பற்றியும் விசாரிப்பார்கள். அந்த இடத்தை நிரப்பும் முன் குடியேற்றச் சட்ட வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்ன எழுதினார் என்று பார்த்து எழுதாதீர்கள்.

இனி நிராகரிப்பு வந்தால். பொதுவாக எடுத்ததும் நிராகரிக்க மாட்டார்கள். அதற்கு முன் "இன்ன காரணத்தால் நிராகரிக்க எண்ணியுள்ளோம், உங்கள் கருத்தைச் சொல்லலாம்" என்று ஒரு கடிதம் வரும், ஆன்ஹோருங். என் அனுபவத்தில் மேல்முறையீட்டைவிடப் பலமடங்கு மதிப்புள்ள கடிதம் இது. அதிகாரி இன்னும் மனதை மாற்றிக்கொள்ளலாம், யாருக்கும் முகம் போகாது, செலவும் இல்லை. நம்மவர்களோ அதைப் பார்த்ததும் இடிந்துபோய் உட்கார்ந்துவிடுகிறார்கள், அல்லது ஆங்கிலத்தில் ஒரு உணர்ச்சிகரமான மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். செய்ய வேண்டியது: உடனே கெடுவை நீட்டிக்கக் கேளுங்கள், கூடவே கோப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள். நிர்வாக நடைமுறைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. கோப்பைத் திறந்தால் சில நேரம் நீங்கள் அனுப்பிய தாளே உள்ளே இருக்காது, அல்லது வேறொருவருடைய தாள் இருக்கும். பிறகு அவர்கள் சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் ஜெர்மனில், ஆதாரத்தோடு பதில்.

சில அலுவலகங்கள் இந்தக் கட்டத்தில் "விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் செலவு குறையும்" என்று அன்பாகச் சொல்வார்கள். ஐந்து வருடத்துக்கு இரண்டு மாதம் குறைகிறது என்பது மாதிரியான, காலம் தானாகத் தீர்க்கும் குறை என்றால் சரி, பெற்றுக்கொள்ளுங்கள். சட்டத்தை அவர்கள் தப்பாகப் படிக்கிறார்கள் என்று நினைத்தால் வேண்டாம், எழுத்துப்பூர்வ முடிவு கேளுங்கள். திரும்பப் பெற்ற விண்ணப்பத்துக்கு மேல்முறையீடு கிடையாது.

நிராகரிப்பு ஆணை வழக்கமாக மஞ்சள் உறையில் வரும். தபால்காரர் அதைப் பெட்டியில் போடும்போது உறையின் மேலேயே தேதியை எழுதுகிறார். நீங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும், பிரிக்கவே இல்லாவிட்டாலும், அன்றைக்கே கையில் கொடுத்ததாக அர்த்தம். அதனால் உறையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் கடிதத்தைப் போலவே அதுவும் ஆவணம். சாதாரணத் தபாலில் வந்தால், அனுப்பிய நான்காம் நாள் கிடைத்ததாகக் கணக்கு. 2025க்கு முன் அது மூன்றாம் நாள். பகிர்ந்து வாழும் வீட்டில் இருப்பவர்கள் தபால்பெட்டியில் தங்கள் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று இப்போதே போய்ப் பாருங்கள். டிசம்பரில் நீங்கள் ஊரில் இருக்கும்போது பெட்டியைத் திறந்து, உறையைப் படமெடுத்து அனுப்ப நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஆணையின் கடைசியில் எங்கே, எத்தனை நாளுக்குள், எப்படி முறையிட வேண்டும் என்று எழுதியிருக்கும். பொதுவாக ஒரு மாதம். அந்த அறிவுறுத்தல் இல்லாமலோ தவறாகவோ இருந்தால் ஒரு வருடம். மாநிலத்துக்கு மாநிலம் வழி வேறு: சில இடங்களில் முதலில் விடர்ஷ்ப்ருஹ் என்ற ஆட்சேபணை, பவேரியா, நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா போன்ற மாநிலங்களில் பெரும்பாலும் நேராக நிர்வாக நீதிமன்றம். விண்ணப்பத்துக்கு இன்ன வடிவம் என்று கட்டாயம் இல்லை என்றேனே, இதற்கு அப்படி இல்லை, மின்னஞ்சல் போதாது. கையெழுத்திட்ட கடிதம் அல்லது ஃபேக்ஸ் வேண்டும். கடைசி நாளில் முழு வாதமும் எழுதி முடியவில்லையா? "இந்த ஆணையை எதிர்க்கிறேன், காரணங்கள் பின்னால்" என்று இரண்டு வரி போதும், கெடு காப்பாற்றப்படும்.

குடியுரிமை மறுப்பில் அவசரம் குறைவு. வழக்கு நடக்கும்போதும் உங்கள் பி.ஆரோ புளூ கார்டோ அப்படியே இருக்கும். குடியிருப்பு அனுமதியின் நீட்டிப்பை மறுத்தால் நிலைமை வேறு. அங்கே முறையீடு செய்வதால் மட்டும் ஆணை நின்றுவிடாது என்று குடியிருப்புச் சட்டத்தின் 84ஆம் பிரிவு சொல்கிறது. நாட்டை விட்டுப் போக வழக்கமாக 7 முதல் 30 நாளுக்குள் ஒரு கெடுவும் சேர்ந்தே வரும். முறையீட்டோடு, நிர்வாக நீதிமன்றச் சட்டத்தின் 80ஆம் பிரிவு, 5ஆம் உட்பிரிவின்படி ஆணையை நிறுத்தி வைக்கும் அவசர மனுவும் போட்டாக வேண்டும். அந்த மனு நிலுவையில் இருக்கும்வரை வேலை செய்வதைப் பொறுத்தவரை பழைய அனுமதி தொடர்வதாகச் சட்டம் கொள்கிறது. இந்த ஒரு இடத்தில் தனியாக இறங்காதீர்கள், வழக்கறிஞர் வேண்டும். குடியேற்றச் சட்டத்தில் சிறப்புப் பட்டம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். வருமானம் குறைவானவர்கள் உள்ளூர் நீதிமன்றத்தில் ஆலோசனைச் சீட்டு வாங்கினால் 15 யூரோவில் முதல் ஆலோசனை முடியும். கரித்தாஸ், டியாகோனி, ஆவோ போன்ற அமைப்புகளின் குடியேற்ற ஆலோசனை மையங்கள் இலவசம். கடிதம் படிக்கவே தெரியாமல் பணம் கொடுத்து ஏமாறுவதற்கு முன் அங்கே போங்கள்.

ஊரிலிருந்து பெற்றோரையோ துணையையோ அழைக்க விசா மறுக்கப்பட்டவர்களுக்கு ஒரு வரி: தூதரகத்துக்கே மறுபரிசீலனைக் கடிதம் எழுதும் பழைய வழியை 2025 ஜூலை 1 முதல் நிறுத்திவிட்டார்கள். இப்போது புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்கு.

கடைசியாக, பத்திரம் வாங்கும் நாள். குடியுரிமை அந்தக் காகிதம் கைக்கு வரும் கணத்தில்தான் பிறக்கிறது, ஒப்புதல் கடிதத்தில் அல்ல. ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது என்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், இந்தியா ஏற்பதில்லை. இந்தியக் குடியுரிமைச் சட்டம் 9ஆம் பிரிவின்படி, வேறொரு நாட்டின் குடியுரிமையை விரும்பி எடுத்த அந்த நிமிடமே இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும். அதன் பிறகு பழைய இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்தால் இந்தியத் தரப்பில் அபராதம். வரிசை இப்படி: ஜெர்மன் பாஸ்போர்ட், இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று, அப்புறம் ஓ.சி.ஐ. கார்டு, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை. ஓ.சி.ஐ. வரத் தாமதமானால் இந்தியா போக விசா எடுக்க வேண்டும், எனவே பத்திரம் வாங்கும் தேதியை ஊர்ப் பயணத்துக்கு நெருக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஓ.சி.ஐ. இருந்தாலும் வாக்குரிமை இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. இலங்கையர்களுக்கு வழி வேறு: இரட்டைக் குடியுரிமை அங்கே விண்ணப்பித்துப் பெறுவது, அதை ஜெர்மன் பத்திரம் வாங்குவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளலாம், வாங்கிய பிறகு என்றால் இழந்த குடியுரிமையை மீண்டும் பெறும் விண்ணப்பமாக அது மாறிவிடும்.